பயப்படத் தெரியாத நாற்பது பேரும் காளியப்பன் அண்ணனும்

எங்கள் மலைப்பாதையில் கைபேசிக்கு எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் வரும், எந்த வளைவில் போகும் என்பது என்னைப் போன்ற நடத்துநர்களுக்கு மனப்பாடம். அன்று காலை முதல் நடை, அடிவாரத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தோம். ஐம்பத்தோராவது வளைவில் சட்டைப் பை அதிர்ந்தது. மலைமேல் செம்மேட்டு டீக்கடைக்காரர் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தார். "காளியப்பண்ணன் போயிட்டாருங்க." திருப்பிக் கூப்பிடுவதற்குள் வளைவு முடிந்துவிட்டது, சிக்னலும் போய்விட்டது.

முன் இருக்கையில் இருந்த அம்மா ஒருவர், "ஏனுங் கண்டக்டரு, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது, காய்ச்சலுங்களா?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் துக்கம் வரவில்லை, பயம்தான் வந்தது. ஒரு விஷயம் எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. இனி அது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

காளியப்பன் அவர்கள் தேவனூர் நாட்டுக்காரர். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. எங்கள் தடத்தில் ஓட்டுநராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். அவருடைய வண்டியில் நான் பதினோரு வருடம் நடத்துநராக இருந்தேன். நான் அடிவாரத்து ஊர்க்காரன், பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வளைவுக்கு வளைவு கண்ணை மூடிக்கொள்வேன். கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு அவர் ஒரு நாள், "கண்ண மூடிக்கிட்டா எப்படிங்க டிக்கெட் குடுப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் கேலி செய்யவில்லை. பேச்சு அவருக்கு எப்போதுமே சிக்கனம்தான்.

அவர் வாய் நிறையத் திட்டியது ஒரே ஒரு காரியத்துக்கு. எங்கள் மலை ஜனங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. விசில் சத்தம் கேட்டால் போதும், வண்டி நிற்கும் வரை பொறுக்க மாட்டார்கள். மிளகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். இறங்க வேண்டாதவர்கள்கூட எழுந்து நின்று யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பார்கள். வளைவில் திரும்பும் வண்டிக்குள் நாற்பது பேர் எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். "வண்டி நிக்காம எந்திரிக்காதீங்க சாமி, உங்களக் கும்புட்டுக் கேக்கறேன்" என்பார். ஒருவரும் கேட்டதில்லை.

இப்போது எங்கள் மலையில் எடுத்த ஒரு சினிமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பெயரை எழுத மாட்டேன், பார்த்தவர்களுக்குத் தெரியும். வானத்திலிருந்து ஒரு கல் எங்கள் மலையில் வந்து விழுகிறது. அதிலிருந்து வடியும் நீலத் தண்ணீரைக் குடித்த மரவட்டை ஒன்று ரயில் நீளத்துக்கு வளர்ந்து மனிதர்களைத் தின்கிறது. கதாநாயகன் விஞ்ஞானி. ஆனால் கண்ணாடிக் குடுவையைத் தொட்ட நேரத்தைவிட எதிரிகளை எட்டி உதைத்த நேரம்தான் அதிகம். கடைசியில் ஒளி கக்கும் துப்பாக்கியால் மரவட்டையைச் சுட்டு அருவியில் தள்ளுகிறான். இந்தக் கதைக்காக ஒரு கம்பெனி வந்து செம்மேட்டில் பத்து நாள் தங்கியது.

மரவட்டை ஒரு பஸ்ஸைத் துரத்த வேண்டும். பயணிகளாக எங்கள் ஜனங்களையே உட்காரவைத்தார்கள். அண்ணனும் நானும் எங்கள் விடுப்பு நாட்களில் ஓட்டுநராகவும் நடத்துநராகவும் நடிக்கப் போனோம். வண்டி மட்டும் எங்களுடையதல்ல, கம்பெனிக்காரர்கள் எங்கிருந்தோ பிடித்து வந்து பச்சை வண்ணம் அடித்த பழைய வண்டி. காலையில் அண்ணன் அதை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக் புடிக்குதுங்க. ஆனா மனசு நம்ப மாட்டேங்குது" என்றார்.

நாற்பதாவது வளைவிலிருந்து முப்பத்தைந்துக்கு இறங்க வேண்டும். மறுபடி ஏறி, மறுபடி இறங்க வேண்டும். மத்தியானத்துக்குள் ஆறு தடவை ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் மரவட்டை எங்கே வருகிறது என்று கேட்டால், "பின்னாடி கம்ப்யூட்டர்ல போட்டுக்குவோம், நீங்க பயந்தா போதும்" என்று சொல்லிவிட்டார்கள். ஆறாவது தடவை இறங்கியதும் அண்ணன் இயக்குநரிடம் போய், "பிரேக் சூடாயிருச்சுங்க. அரை மணி நேரம் ஆறட்டும்" என்றார். அந்த இளைஞர் வானத்தைப் பார்த்தார். மேகம் கட்டிக்கொண்டு வந்தது. "வெளிச்சம் போயிரும் சார், கடைசி ஒண்ணு" என்று கெஞ்சினார். அண்ணனும் வானத்தைப் பார்த்தார். பிறகு சரி என்றார். அந்தச் சரியை அவர் சாகும்வரை மன்னிக்கவில்லை.

முன்கண்ணாடிக்குக் கீழே கேமராவைப் பொருத்தி எங்களைப் பார்த்துத் திருப்பிவைத்திருந்தார்கள். நான் ஓட்டுநர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கழுத்தில் என் சொந்த விசில். முப்பத்தெட்டாவது வளைவில் ஒரு தீய்ந்த வாசம் வந்தது. அண்ணனின் முழங்கால் ஏறி ஏறி இறங்கியது. வண்டி வேகம் குறையவில்லை. என் கை தானாக விசிலுக்குப் போனது. நிறுத்தச் சொல்லி ஊதுவதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்?

அவர் என்னைப் பார்க்காமல், உதடு மட்டும் அசைய, "பிரேக் இல்லீங்க. விசில் ஊதாதீங்க. எந்திரிச்சிருவாங்க" என்றார்.

விசிலை விட்டுவிட்டேன். அவர் தலையை லேசாகத் திருப்பி எல்லோருக்கும் கேட்கும்படி குரல் கொடுத்தார். "ஷூட்டிங் நடக்குதுங்க. ஆரும் எந்திரிக்காதீங்க. கம்பிய நல்லாப் புடிச்சுக்கங்க சாமி." அந்தக் குரலில் நடுக்கம் இல்லை. தினமும் சொல்வதைப் போலவே சொன்னார்.

முப்பத்தேழு, முப்பத்தாறு, முப்பத்தைந்து. நாங்கள் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டோம். படப்பிடிப்புக்காக மறித்த வண்டிகளெல்லாம் முப்பத்து மூன்றாவது வளைவில் வரிசையாக நின்றன. அதிலிருந்த ஆட்கள் சாலையில் இறங்கி வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு கையால் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வளைத்தார். கியரைக் குறைக்கப் பார்த்தார், முதலில் விழவில்லை, பிறகு ஒரு அலறலோடு விழுந்தது. முப்பத்து நான்கைத் தாண்டியதும் மலைப்பக்கம் மழையில் சரிந்த மண் குவிந்து கிடந்தது. வண்டியின் இடப்பக்கத்தை அதற்குள் செருகினார். உரசிக்கொண்டே போய், ஒரு பக்கம் சாய்ந்து, நின்றது.

பிறகு பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள். அப்புறம் பஸ் முழுவதும் தட்டியது. பின்னால் ஜீப்பில் வந்த இயக்குநரும் நல்ல நடிப்பென்று நினைத்துக் குதித்திறங்கித் தட்டினார். அண்ணன் எல்லாரும் இறங்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, வண்டிக்கு மறுபக்கம் போய் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு என் சட்டையைப் பிடித்தார். "ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. இதே ரோட்டுலதான் அவங்க நாளைக்கும் வரோணும். பயந்துட்டா எப்படிங்க வருவாங்க?" வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு மறுநாள் அந்த வண்டியைத் தொட மறுத்துவிட்டார். மிச்சக் காட்சிகளை நிற்கும் வண்டியில் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் படம் வந்தது. கீழே டவுன் தியேட்டருக்கு இரண்டு வேனில் போனோம். அண்ணன் வர மாட்டேன் என்றார். வராவிட்டால் ஏன் என்று கேட்பார்களே என்ற பயத்தில் வந்தார். அந்தக் காட்சி வந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தார், மறுநாளும் அங்கே வலித்தது. கம்பெனிக்காரர்கள் அதை வெட்டாமல் அப்படியே வைத்திருந்தார்கள். ஹாரனை எடுத்துவிட்டு மேளத்தைப் போட்டிருந்தார்கள். அண்ணன் ஜனங்களை உட்காரச் சொன்ன இடத்தில் வேறு யாரோ ஒருவருடைய குரல், "அது நம்ம ரத்த வாசனையைக் கண்டுபிடிச்சிருச்சு" என்றது. பின்கண்ணாடியில் மரவட்டை ரப்பர் மூஞ்சியை ஆட்டிக்கொண்டு வந்தது. தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. அத்தனை சிரிப்புக்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர் வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தோம்.

வெளியே வந்ததும் எங்கள் ஜனங்கள் வேனைச் சுற்றி நின்று ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். ஊர்க்கூட்டத்தில் பேசுகிற முறையிலேயே, ஒருவர் முடித்த பிறகுதான் இன்னொருவர். "மரவட்டையத் தொட்டாச் சுருண்டுக்கும். அதப் பாத்து எதுக்குங்க ஓடறாங்க?" என்றார் ஒரு பெரியவர். "எறங்குற வண்டிக்கு வளைவு நம்பரு ஏறுதுங்க. முப்பத்தாறுக்கு அப்பறம் நாப்பது வருது" என்று இன்னொருவர் வருத்தப்பட்டார். வெட்டி ஒட்டியதில் வளைவு எண் எழுதிய பலகைகள் இடம் மாறிவிட்டன, அது எங்கள் ஊர்க் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு இடத்தில் ஜன்னலில் தெரியும் எண்கள் சரியாக இறங்கும், முப்பத்தெட்டிலிருந்து முப்பத்து நான்கு வரை. யாராவது அதைச் சொல்லிவிடுவார்களோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் காட்சியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அன்று கைக்குழந்தையோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நல்லம்மா மட்டும், "வண்டி நல்லா ஓட்டுனீங்க சாமி" என்றார். அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று.

அதன் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. அந்தக் காட்சியை மட்டும் வெட்டி யாரோ இணையத்தில் போட்டுவிட்டார்கள். ஊர் உலகமெல்லாம் பார்த்துச் சிரித்து, கீழே கருத்து எழுதினார்கள். அண்ணனுக்குக் கைபேசியின் சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாது. காலை நடை முடிந்து செம்மேடு பஸ் நிலையத்தில் வண்டி நிற்கும்போது, "படிங்க" என்பார். நான் படிப்பேன்.

"பின்னாடி ஜந்து வருது, டிரைவர் ரேஷன் கடை திறந்திருக்கான்னு பாக்குற மாதிரி பாக்குறாரு."

"உதடு ஒண்ணு சொல்லுது, குரல் ஒண்ணு சொல்லுது."

"மரவட்டைக்கு ஆஸ்கார் குடுங்கடா, பஸ்ல இருக்கறவங்களுக்கு நடிப்பே வரல."

"இந்த பஸ்ல ஒருத்தருக்குக்கூட பயப்படத் தெரியலயே. எல்லாம் ஃபோட்டோவுக்கு உக்காந்த மாதிரி இருக்காங்க."

ஒவ்வொரு திட்டுக்கும் அவர் முகம் தெளியும். "நல்லாத் திட்டட்டுங்க" என்பார். புகழ்ந்து யாராவது எழுதினால்தான் பதறுவார். உலகத்தில் தன்னை வசைபாடக் கேட்டு நிம்மதியடைந்த ஒரே நடிகர் அவராகத்தான் இருப்பார். எனக்கு அதில் சிரிப்பு வரும். ஆனாலும் ஒவ்வொரு நாளும் கைபேசியைத் திறக்கும்போது, இன்று எவனாவது கண்டுபிடித்து எழுதியிருப்பானோ என்றுதான் திறப்பேன்.

ஒரு நாள் எழுதியிருந்தான். பெயர் இல்லை, லாரிப் படம் மட்டும் இருந்தது. "டிரைவர் முழங்கால் எத்தனை தடவை ஏறி இறங்குதுன்னு பாருங்க. இது நடிப்பு இல்ல. இந்த வண்டியில பிரேக் இல்ல."

படிக்காமல் தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். என் குரல் நின்றதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. "படிங்க" என்றார். படித்தேன். டீ டம்ளரைக் கீழே வைத்தார், அது உருண்டு போயிற்று. "மலை எறங்கிப் பழகுனவன் எழுதியிருக்கான்" என்றார். அன்று மாலை நடையில் அவர் ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மூன்று முறை மிதித்துப் பார்த்தார். ஓய்வு பெறும்வரை அந்த மூன்று மிதி நிற்கவில்லை. பயணிகள் முன்னும் பின்னும் ஆடுவார்கள், யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

நான்கு நாள் அந்தக் கருத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். கீழே எவனோ, "அண்ணே, அது படம்ணே, பிரேக் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்று எழுதினான். அதற்குச் சிரித்து நூறு பேர் எழுதினார்கள். அந்த லாரிக்காரரின் வார்த்தை அடியில் புதைந்து போயிற்று. அன்றைக்குத்தான் அண்ணன் என்னிடம் மனம் விட்டுப் பேசினார். "அவங்க பயந்துருவாங்கன்னு அன்னைக்கு உங்ககிட்டச் சொன்னேன் பாருங்க. அது பாதிதானுங்க நெசம். காளியப்பன் ஓட்டுற வண்டியில ஏறாதீங்கன்னு ஒரே ஒருத்தரு சொல்லிட்டாப் போதும். அப்பறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஸ்டியரிங்கத் தொடுவேன்? சூடாயிருச்சுன்னு தெரிஞ்சும் சரின்னேனுங்களே. கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு அந்தப் புள்ள உக்காந்திருந்துச்சுங்களே." நான் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

அவருடைய பயம் இவ்வளவுதான். சாவுக்கு அவர் பயப்படவில்லை, தன்னை நம்பி ஏறிய நாற்பது பேரின் முகத்துக்குப் பயந்தார். அந்த முகங்களைத் தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் வண்டி ஓட்டினார். ஓய்வு பெற்ற பிறகு பஸ் ஏறுவதையே விட்டுவிட்டார். செம்மேட்டுச் சந்தைக்குக்கூட நடந்துதான் வருவார். கடைசியாகப் பார்த்தபோது, "இப்ப ஏதாவது எழுதறாங்களா?" என்று கேட்டார். "இப்ப யாருங்ணா அதப் பாக்கறாங்க" என்றேன். நம்பினாரா, தெரியாது.

அன்று விடியற்காலையில் மரவள்ளிக் காட்டுக்குப் போனவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாராம். நெஞ்சுவலி என்றார்கள். நான் போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. அவருடைய வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, அடக்க முடியவில்லை. பக்கத்தில் நல்லம்மா உட்கார்ந்திருந்தார். அன்றைய கைக்குழந்தை இப்போது பள்ளிக்கூடச் சீருடையில் அவர் மடியில் சாய்ந்திருந்தது.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. செத்தவருக்குக் கொடுத்த வாக்கை அவர் உடம்பு கிடக்கும்போதே மீறுகிறோமே என்ற பயத்தோடுதான் வாயைத் திறந்தேன். "நல்லம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். அன்னைக்கு அந்த ஷூட்டிங்ல..."

அவர் முடிக்க விடவில்லை. "பிரேக்கு இல்ல. அதுதானுங்களே?"

மடியில் சாய்ந்திருந்த பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே அவர் சொன்னார்.

"இந்த மலையில பொறந்து, தெனமும் இந்த ரோட்டுல ஏறி எறங்கறவங்களுக்குப் பிரேக்கு தீயற வாசம் தெரியாதுங்களா? எனக்கு முன்னாடி இருந்த பெரியவருதான் மொதல்ல திரும்பிப் பாத்தாரு. நான் கொழந்தையத் தூக்கிட்டு எந்திரிக்கப் பாத்தேன். அப்பத்தான் அண்ணன் ஷூட்டிங்னு சொன்னாரு. சரி, நாம எந்திரிச்சா அவருக்குக் கை நடுங்கிரும்னு அப்படியே உக்காந்துட்டோம். கொழந்த வாயப் பொத்திக்கிட்டேன். கத்தோணும்னு நெஞ்சு வரைக்கும் வந்துச்சுங்க."

"அப்பறம் ஏனுங்க யாரும் சொல்லல? கைதட்டுனீங்களே?"

"அவரு ஷூட்டிங்னு சொன்னாருங்களே. அதுக்குத் தட்டுனோம். எங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சா அந்த மனுசன் ஸ்டியரிங்கத் தொட்டிருப்பாருங்களா? அப்பறம் எங்கள ஆருங்க எறக்கிக் கூட்டிட்டுப் போறது? நாங்களே பேசி வெச்சுக்கிட்டோம், இதப் பத்தி ஆரும் வாயத் தெறக்கக் கூடாதுன்னு."

ஊர் உலகமெல்லாம் நடிப்பு வரவில்லை என்று திட்டிய நாற்பது பேர். இத்தனை வருடம் தினமும் அவர் வண்டியில் ஏறி, மூன்று மிதிக்கும் ஆடி, ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கிப் போயிருக்கிறார்கள். அவரும் அவர்களுக்காக நடித்தார், அவர்களும் அவருக்காக நடித்தார்கள். இது அவருக்குத் தெரியாமலே போய்விட்டதே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் யாராவது வாய் திறந்திருந்தால் அவர் நிம்மதியாகச் சந்தைக்கு பஸ் ஏறி வந்திருப்பார். வாய் திறக்காதவர்களில் நானும் ஒருவன்.

பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்றார்கள். பாடையைத் தூக்க நான்கு பேர் வந்தார்கள். பந்தலில் இருந்தவர்களைப் பார்த்தேன். அந்த பஸ்ஸில் வந்தவர்களில் பாதிக்கு மேல் அங்கே இருந்தார்கள். ஒருவரும் கதறவில்லை. கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு, படத்தில் உட்கார்ந்திருந்த மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் எந்திரிக்காதீங்க என்று சொன்னது இன்னும் அவர்கள் காதில் இருந்தது போல.

நான் வேலைச் சட்டையோடுதான் போயிருந்தேன். கழுத்தில் விசில் கிடந்தது. அன்று ஊத வேண்டாம் என்று அவர் தடுத்த அதே விசில். எடுத்து, நீளமாக ஒரு தடவை ஊதினேன்.

அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

வண்டி நின்றுவிட்டது அண்ணா. எல்லாரும் பத்திரமாக இறங்கிவிட்டோம். இனி நீங்களும் இறங்கிக்கங்க.